தலைக்கு வந்தது ஹெல்மெட்டோடு போவதில்லை

"ஃபைவ் ஸ்டார் ஹெல்மெட்தானேங்க வாங்கிக் கொடுத்தோம். ஒரு கீறல்கூட விழலையே, அப்புறம் எப்படி?"

போன சீசனில் ஒரு தமிழ் அப்பா மைதானத்து வேலியோரம் நின்று என்னிடம் கேட்டது இது. டாலஸுக்கு வடக்கே ஒரு ஹைஸ்கூலில் நான் அத்லெடிக் ட்ரெய்னர். கோச் இல்லை. அடிபட்ட பிள்ளையைப் பார்ப்பது, தொடர்ந்து ஆடலாமா கூடாதா என்று அந்த நிமிடமே முடிவு செய்வது, பிறகு டாக்டரிடம் அனுப்பித் தேறும்வரை கூடவே இருப்பது, இதுதான் என் வேலை. அவர் மகன் பத்தாம் வகுப்பு, அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் லைன்பேக்கர், அதாவது பந்தோடு வருபவனைத் தடுத்துச் சாய்க்கிற ஆள். மூன்றாவது குவார்ட்டரில் பந்தோடு ஓடி வந்தவனை மறித்துச் சாய்த்தான், தானும் விழுந்தான், உடனே எழுந்தும் விட்டான். கேலரியில் இருந்த யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. ஆனால் அடுத்த ப்ளேவுக்கு எல்லோரும் வரிசை கட்டியபோது இவன் மட்டும் நாலு கஜம் தள்ளி, தப்பான பக்கத்தில் நின்றான். பக்கத்தில் இருந்த பையன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

வெளியே அழைத்து வந்து கேட்டேன். இது முதல் பாதியா இரண்டாவதா, கடைசியாகப் பாயின்ட் எடுத்தது யார், போன வாரம் யாரோடு ஆடினோம்? மூன்றாவதற்கு மட்டும்தான் சரியான பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்கோர் என்ன என்று அவன் என்னைக் கேட்டான், சொன்னேன், இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. அவன் ஹெல்மெட்டை வாங்கி என் கையிலேயே வைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது இது. ஹெல்மெட் பெஞ்சில் கிடந்தால் பையன் அதை மாட்டிக்கொண்டு நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே ஓடிவிடுவான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நாம் சொல்வோம். ஹெல்மெட்டைப் பற்றியும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். மண்டையோட்டைப் பொறுத்தவரை அது உண்மைதான், மூளையைப் பொறுத்தவரை இல்லை. ஒரு தூக்குவாளி நிறைய சாம்பாரோடு பைக்கில் போகிறீர்கள், திடீரென்று பிரேக் போட வேண்டியிருக்கிறது. வாளியைச் சுற்றி எவ்வளவு கெட்டியாகத் துணி கட்டியிருந்தாலும் வாளி நசுங்காமல் இருக்கும், அவ்வளவுதான். உள்ளே அலம்புவது அலம்பத்தான் செய்யும். மூளை என்பது மண்டைக்குள் நீரில் மிதக்கிற மிகவும் மென்மையான பொருள். தலை சட்டென்று நிற்கும்போதும், அதைவிட மோசமாகச் சட்டென்று திரும்பும்போதும், அது உள்ளே இழுபட்டு முறுக்கிக்கொள்கிறது. நரம்பிழைகள் நீண்டு, செல்களில் உப்புகளின் சமநிலை குலைந்து, அதைச் சரிசெய்ய மூளைக்கு நிறைய சக்தி தேவைப்படுகிற அதே நேரத்தில் அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது. இந்த நிலைக்குத்தான் கன்கஷன் என்று பெயர். தலையில்தான் அடி பட வேண்டும் என்றுகூட இல்லை, நெஞ்சில் பலமாக மோதித் தலை வெடுக்கென்று ஆடினாலே போதும்.

இதனால் ஹெல்மெட் வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1968-இல் ஒரே வருடத்தில் 36 பேர் இந்த ஆட்டத்தில் பட்ட அடியால் நேரடியாக இறந்தார்கள். அடுத்த வருடம் நாக்ஸி என்று அழைக்கப்படும் தர அமைப்பு உருவானது, 1973-இல் ஹெல்மெட்டுக்கான முதல் தரம் வந்தது, 1980-லிருந்து ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கும் அந்த முத்திரையுள்ள ஹெல்மெட் கட்டாயம். ஆனால் ஹெல்மெட் கெட்டியாக ஆக ஆக, தலைக்குத்தான் பாதுகாப்பு இருக்கிறதே என்று தலையையே ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு மோதும் பழக்கமும் வளர்ந்தது, கழுத்தெலும்பு உடைந்து கைகால் செயலிழந்த பிள்ளைகள் 1976-இல் மட்டும் 34 பேர். அந்த வருடம் தலையால் முட்டுவதைத் தடை செய்தார்கள். 1984-இல் அந்த எண்ணிக்கை 5. பெரும்பாலும் விதியை மாற்றியதால் வந்த மாற்றம் அது.

அந்த அப்பா சொன்ன ஸ்டார் கணக்கு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் 2011-லிருந்து வெளியிடுவது. நல்ல வேலை அது, நான் மதிக்கிறேன், வாங்கும்போது பார்த்தே வாங்குங்கள். ஆனால் விஸ்கான்சின் மாநிலத்தில் 2,000-க்கும் மேற்பட்ட ஹைஸ்கூல் வீரர்களைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஆய்வில், எந்தக் கம்பெனி ஹெல்மெட், எத்தனை வருடம் பழையது என்பதை வைத்துக் கன்கஷன் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஹெல்மெட்டுக்கு மேலே மாட்டும் மெத்தென்ற கார்டியன் கேப்பைப் பற்றியும் நிறைய பெற்றோர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல் 2022-இல் சில பொசிஷன்களில் ஆடுபவர்களுக்குப் பயிற்சி முகாமில் அதைக் கட்டாயமாக்கியது, 2024-இல் ஆட்டத்திலும் அனுமதித்தது. ஹைஸ்கூல் பிள்ளைகளிடம் அதனால் கன்கஷன் குறைந்ததாக விஸ்கான்சின் ஆய்வு ஒன்று காட்டவில்லை. அதனால் கூடுதலாகச் செலவு செய்யச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை.

விலையைவிட நான் அதிகம் கவலைப்படுவது ஹெல்மெட் தலையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒவ்வொரு பையனையும் முடியை நனைத்துக்கொண்டு வரச் சொல்வேன், ஏனென்றால் வெயிலில் பத்து நிமிடம் ஆடினால் அவன் முடி அப்படித்தான் இருக்கப்போகிறது. ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். காது ஓட்டை காதுக்கு நேராக வர வேண்டும். கன்னத்து பேடுக்கும் கன்னத்துக்கும் நடுவே என் விரல் நுழைந்தால் அது லூஸ். அப்புறம் முகக் கம்பியைப் பிடித்து மெதுவாக இடதும் வலதுமாகத் திருப்பிப் பார்ப்பேன். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும், தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் சறுக்கினால் கழற்றி வேறு பேட் போட வேண்டியதுதான். தாடைப் பட்டையின் நாலு கொக்கியும் மாட்டியிருக்க வேண்டும். இறுக்குகிறது என்று கீழே இரண்டைக் கழற்றிவிட்டு ஆடுகிற பிள்ளைகளை வாரம் ஒருவரையாவது பிடிக்கிறேன்.

ஒரு தடவை சரிபார்த்தால் சீசன் முழுக்கத் தாங்கும் என்று நினைக்காதீர்கள். அக்டோபரில் ஒரு பையன் ஹோம்கமிங் என்ற பள்ளி விழாவுக்கு ஒட்ட முடி வெட்டிக்கொண்டு வந்தான், ஆகஸ்டில் கச்சிதமாக இருந்த ஹெல்மெட் அன்று தொட்டால் சுற்றியது. காற்று நிரப்பும் பேட் உள்ள ஹெல்மெட்டில் குளிர் வந்தாலே காற்று சுருங்கும். ஹெல்மெட் மேல் உட்காருவது, காருக்குள் வெயிலில் போட்டுவைப்பது, இஷ்டத்துக்குப் பெயின்ட் அடிப்பது, எல்லாமே ஹெல்மெட்டின் வெளிக்கூட்டைப் பலவீனமாக்கும். உள்ளே தேதி ஒட்டியிருக்கும், பாருங்கள். பத்து வருடம் தாண்டியதைப் புதுப்பித்துத் தரும் நிறுவனங்கள் எடுத்துக்கொள்வதே இல்லை. தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று வாங்கி வந்து தம்பிக்கு மாட்டிவிடாதீர்கள்.

உண்மையில் மூளைக்கு அடி குறைகிறது என்றால் அது மோதலின் எண்ணிக்கை குறைவதால்தான். டார்ட்மத் கல்லூரியின் கோச் பட்டி டீவன்ஸ் 2010-இல் பயிற்சியின்போது தன் வீரர்கள் ஒருவரை ஒருவர் மோதிச் சாய்ப்பதை நிறுத்தினார், பின்னாளில் ரிமோட்டில் ஓடும் பொம்மையைச் சாய்க்க வைத்தார். டீம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, 2015-இல் லீக் பட்டத்தைப் பகிர்ந்து ஜெயித்தார்கள். 2016-இல் டார்ட்மத் ஆடும் ஐவி லீக் முழுக்க, ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை உதைக்கும் கிக்காஃப் கோட்டை 35-லிருந்து 40-வது கஜத்துக்கு மாற்றினார்கள். பந்து தூரமாய்ப் போய் விழுவதால், அதை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடுவது குறைந்து, இரண்டு பக்கமும் முழு வேகத்தில் ஓடி வந்து மோதுவது குறைந்தது. 1,000 கிக்காஃபுக்கு சுமார் 11 என்றிருந்த கன்கஷன் சுமார் 2 ஆனது! டெக்சாஸில் 2013-இல் ஹைஸ்கூல் வீரர்களின் முழு மோதல் பயிற்சிக்கு வாரம் 90 நிமிடம் என்று வரம்பு வைத்தார்கள். உங்கள் பிள்ளையின் கோச்சிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த ஹெல்மெட் என்பது இல்லை, வாரத்தில் எத்தனை நிமிடம் மோத விடுகிறீர்கள் என்பதுதான். சின்னப் பிள்ளைகளாக இருந்தால், மோதிச் சாய்க்காமல் இடுப்பில் தொங்கும் கொடியைப் பறிக்கிற ஃப்ளாக் ஃபுட்பாலில் சேருங்கள் என்றுதான் சொல்வேன், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸிலேயே அது வரப்போகிறது.

அடி பட்ட பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் பயம் தருவது. 2006-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் முதல் பாதி முடியும் நேரத்தில் தலையில் அடிபட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி ஆடப் போனான். ஆட்டம் முடிந்ததும் விழுந்தான். மூளை வீங்கி மண்டையோட்டின் இரண்டு பக்கமும் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். மாதக்கணக்கில் பேச்சில்லை, சொந்தக் காலில் நிற்க வருடங்கள் ஆயின. அவன் பெயரில் 2009-இல் அங்கே சட்டம் வந்தது, சில வருடங்களில் எல்லா மாநிலங்களும் இப்படி ஒரு சட்டம் போட்டன. டெக்சாஸில் 2011-இல் வந்தது நடாஷா சட்டம். கன்கஷனோ என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மறுபடி விளையாட டாக்டரின் எழுத்தும் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். கோச் தானாக அனுமதி தர முடியாது. 2022 செப்டம்பரில் என்எஃப்எல்லின் மயாமி டீமில் ஆடிய டூவா டங்கோவைலோவா அடிபட்டு எழுந்து தள்ளாடியதை உலகமே பார்த்தது, அன்றே திரும்ப ஆடினார், நாலே நாளில் அடுத்த ஆட்டத்தில் விரல்கள் விறைத்துக் கிடந்தார். தள்ளாடினால் திரும்ப விடக்கூடாது என்று என்எஃப்எல் விதியை மாற்றியது அதற்குப் பிறகுதான்.

நம் வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது: "மயக்கம் போடலையே." பத்தில் ஒன்பது கன்கஷனில் நினைவு தப்புவதே இல்லை. அடுத்தது, "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க." சி.டி. ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும், கன்கஷன் அதில் தெரியாது. தலைவலி, வெளிச்சம் கூசுவது, வாந்தி வருகிற மாதிரி இருப்பது, படித்த வரியையே திரும்பப் படிப்பது, காரணமில்லாத எரிச்சல், இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். சிலது மறுநாள்தான் தெரியும். தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், பேச்சு குழறினால், ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிந்தால், எழுப்பியும் எழவில்லை என்றால் எனக்கு போன் போடாதீர்கள், நேரே அவசர எண் 911.

இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைப்பதும் வேண்டாம், அது பழைய முறை. முதல் இரண்டு நாள் போனும் கேமும் குறைத்து, லேசாக நடந்துகொண்டிருந்தால் போதும். பிறகு ஆறு படி, முதல் படி பள்ளிப் பாடம் சிரமமில்லாமல் போவது. அதன் பின் லேசான சைக்கிள், ஓட்டம், மோதலில்லாத பயிற்சி என்று ஏறி, டாக்டர் சரி என்ற பிறகு மோதல் உள்ள பயிற்சி, கடைசியாக ஆட்டம். படிக்குக் குறைந்தது ஒரு நாள்.

அந்த லைன்பேக்கர் இரண்டாவது படியிலேயே தலைவலி என்று ஒரு நாள் சொன்னான். சொல்லாமல் மறைத்திருக்கலாம், ப்ளேஆஃப் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, அவனிடமே சொன்னேன். திரும்ப ஆட வந்தது 24-வது நாள். அம்மா கையெழுத்துப் போடும்போது, "நாங்க என்ன பாத்துக்கணும், சொல்லுங்க," என்று கேட்டார். ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்து, கன்னத்து பேடுக்குள் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். நுழையவில்லை. முகக் கம்பியைப் பிடித்து மகன் தலையை மெல்லத் திருப்பினார், நெற்றி கூடவே நகர்ந்தது. அன்றிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் அவர்தான் பார்த்து அனுப்புகிறார்.