நாய்க்கடிக்குக் காயத்திலும் ஏன் ஊசி?

ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் சுற்றித் திரிவதில்லை. நாயின் எச்சிலோடு தசைக்குள் இறங்கி, பக்கத்திலிருக்கும் நரம்பு முனைக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். தலை, முகம், கழுத்தில் கடி என்றால் அதற்கு முன்பே வரலாம்.

இத்தனை நாள் இருந்தும் உடல் ஏன் தானாக எதிர்ப்பதில்லை? காயத்தில் இறங்கும் வைரஸின் அளவு மிகக் குறைவு. நரம்புக்குள் போனபின், கிருமியைப் பிடித்து முடக்கும் புரதங்களான எதிர்ப்பான்களால் அதை எளிதில் எட்ட முடியாது. போதாக்குறைக்கு, தொற்றிய செல் எச்சரிக்கையாகச் சுரக்கும் இன்டர்ஃபெரானையும் வைரஸின் பி (P) புரதம் முடக்கிவிடுகிறது. நோயாளிகள் பலரின் ரத்தத்தில் எதிர்ப்பான் தென்படுவதே அறிகுறி தொடங்கிய பிறகுதான். அதற்குள் காரியம் கைமீறிவிடும்.

தடுப்பூசி, செயலிழக்கச் செய்த வைரஸை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணெதிரே கொண்டுவந்து வைக்கிறது. தோலில் உள்ள டென்ட்ரிடிக் செல்கள் அதை விழுங்கி நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோகின்றன. வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஜி புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பான்களை பி (B) செல்கள் என்ற வெள்ளணுக்கள் அங்கே தயாரிக்கத் தொடங்குகின்றன. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்களில் இரு மேற்கைகளிலும் 0.1 மி.லி. வீதம் போடுவார்கள். 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடிபட்ட நாள் அல்ல. சரியாகப் போட்டால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு மேடு எழும்பும். எழும்பாவிட்டால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது, பக்கத்தில் இன்னொரு முறை போட வேண்டும். தசையில் போடுவதென்றால் 0, 3, 7, 14, 28. பிட்டத்தில் மட்டும் கூடாது. அங்குள்ள கொழுப்பில் மருந்து தேங்கி, எதிர்ப்பான் போதிய அளவு உருவாகாது.

சிக்கல் என்னவென்றால், மி.லி.க்கு 0.5 சர்வதேச அலகு என்ற போதுமான அளவை எதிர்ப்பான் எட்ட 7 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளியில் வைரஸ் நரம்புக்குள் நுழைந்துவிட்டால்? அந்த இடைவெளியை அடைக்கத்தான் இம்யூனோகுளோபுலின், அதாவது ஏற்கெனவே தயாராக உள்ள எதிர்ப்பான். ரத்தம் வரக் கடித்திருந்தால் இது கட்டாயம். மனித ரத்தத்தில் எடுத்ததென்றால் உடல் எடையில் கிலோவுக்கு 20 அலகு, குதிரையிலிருந்து எடுத்ததென்றால் 40. அறுபது கிலோ ஆளுக்கு முறையே 1,200, 2,400 வரும். அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். வலிக்குமே என்று காயத்தை விட்டுவிட்டு மொத்தத்தையும் கையில் போடுவதுதான் இந்தச் சிகிச்சையில் நடக்கும் மோசமான பிழை: வைரஸ் ஓரிடம், மருந்து வேறிடம். காயங்கள் நிறைய இருந்தால் சலைன் (உப்புநீர்) கலந்து மி.லி. அளவைக் கூட்டிக்கொள்ளலாம். அலகைக் கூட்டக் கூடாது, கூட்டினால் தடுப்பூசியின் வேலை மங்கும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கடந்தால் இம்யூனோகுளோபுலின் தருவதில்லை. அதற்குள் சொந்த எதிர்ப்பான் வரத் தொடங்கியிருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். வைரஸின் வெளியுறை கொழுப்பாலானது, சோப்பில் சிதைந்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அவை புண்ணைக் கிளறி வைரஸுக்கு வழி விடுபவை. உடனே தையலும் போடக் கூடாது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து. அதிலிருந்த நரம்புத் திசுவை எதிர்க்கப் பழகிய உடல், சிலருக்குச் சொந்த நரம்புகளையே தாக்கி முடக்கியது. அந்த மருந்தின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

ஏற்கெனவே முழுத் தடுப்பூசி போட்டவரை மறுபடி நாய் கடித்தால் 0, 3ஆம் நாட்களில் மட்டும் போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. முந்தைய ஊசியை நினைவில் வைத்திருக்கும் பி செல்கள் சில நாட்களிலேயே எதிர்ப்பானைக் கொட்டிவிடும். ஆனால் முன்பு போட்டதற்கு அத்தாட்சி வேண்டும், அந்த ஊசிச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.