புதுக் கூண்டுக்கு வந்த நாய்: முதல் சில நாள்களில் உடலுக்குள் நடப்பது

அம்பாங் எஸ்.பி.சி.ஏ. விலங்குக் காப்பகத்துக்கோ, பினாங்கில் ஜெலுத்தோங் பக்கமோ நாய் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வார இறுதியில் குடும்பத்தோடு போகிறார்கள். கூண்டு வரிசையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். கம்பியில் ஏறிக் குரைக்கும் நாயைப் பார்த்தால் "இது முரடு" என்பார்கள். மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் "இது சாது, நம்ம வீட்டுக்குச் சரியா இருக்கும்" என்பார்கள். பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும். அந்த நாய்கள் வந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது என்றால், இரண்டு தீர்ப்புமே தப்பாகப் போக நிறைய வாய்ப்பு உண்டு. அங்கே நாம் பார்ப்பதில் குணம் கொஞ்சம், நெருக்கடியில் உடல் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் நிறைய.

கார்ட்டிசோல் எங்கிருந்து வருகிறது? ஆபத்து என்று மூளைக்குப் பட்ட நொடியிலேயே முதலில் அட்ரீனலின் பாயும். இதயம் படபடக்கும், கண்மணி விரியும். இது சீக்கிரம் அடங்கிவிடும். அதன் பின்னாலேயே இன்னொரு வேலை மெதுவாகத் தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், தனக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது சிறுநீரகங்களின் தலைமாட்டில் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை எட்டியதும் கார்ட்டிசோல் சுரக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும். செரிமானம் போன்ற அவசரமில்லாத வேலைகள் தள்ளிப்போடப்படும். ஓடவோ சண்டை போடவோ உடல் தயார். போதுமான அளவு சுரந்ததும் அதே கார்ட்டிசோல் மூளைக்குப் போய்ச் சுரப்பை நிறுத்தச் சொல்லும்.

தெருவில் வளர்ந்த நாய்க்கு இந்த ஏற்பாடு நன்றாகவே உதவுகிறது. லாரி ஹார்ன் அடித்தால் ஓடி ஒரு காருக்கு அடியில் புகுந்துகொள்ளும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். கூண்டில் ஓட இடமில்லை, ஒளிய மறைவில்லை. பயமுறுத்தும் விஷயமும் நிற்பதில்லை. அதனால் மூடவேண்டிய அந்தச் சுற்று மூடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. புதிதாக வந்த நாய் சாப்பாட்டைத் தொடாமல் இருப்பதற்கும், வயிறு கலங்குவதற்கும், சளி இருமல் சட்டென்று ஒட்டிக்கொள்வதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அதைப் பிடிவாதம் என்று நினைப்பது அநியாயம்.

இதையெல்லாம் நாயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும், அளப்பது நினைப்பதைவிடச் சிக்கல். ரத்தம் எடுத்தால் ஊசி குத்துவதே நாயைப் பயமுறுத்தும். நல்ல வேளையாக, அந்தப் பயம் ரத்தத்தில் கார்ட்டிசோலாகத் தெரியவரச் சில நிமிடங்கள் ஆகும். கூண்டைத் திறந்த உடனே எடுத்துவிட்டால், அதற்கு முன்பிருந்த அளவு கிடைக்கும். அமெரிக்காவின் ஒஹாயோவில் மைக்கேல் ஹென்னஸி குழுவினர் ஒரு காப்பகத்து நாய்களிடம் ரத்தம் எடுத்து, 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் மூன்று நாள்களில் இருந்த நாய்களின் கார்ட்டிசோல், வீட்டிலேயே வாழும் நாய்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. ஒன்பது நாளைத் தாண்டிய நாய்களில் அது இறங்கியிருந்தது.

சிறுநீரில் அளப்பது நாய்க்குச் சிரமம் இல்லாத வழி. காலையில் நடக்கக் கூட்டிப்போகும்போது ஒரு கரண்டியில் பிடித்துக்கொண்டால் போதும். ஆனால் நிறையத் தண்ணீர் குடித்த நாயின் சிறுநீரில் எல்லாமே நீர்த்துப்போயிருக்கும். அதனால் கார்ட்டிசோலை கிரியேட்டினினோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். கிரியேட்டினின் ஏறக்குறைய ஒரே சீராக வெளியேறும் கழிவு என்பதால், நீர்த்துப்போன குழப்பம் இந்தக் கணக்கில் கழிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது முடியை வைத்துச் செய்யும் சோதனை. முடி வளரும்போது ரத்தத்தில் இருக்கும் கார்ட்டிசோலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு 52 காப்பக நாய்களுக்கு வந்த அன்றே ஒரு சிறு இடத்தில் முடியைச் சிரைத்து, ஆறு வாரம் கழித்து அதே இடத்தில் புதிதாக வளர்ந்த முடியை எடுத்துப் பார்த்தது. வந்தபோது இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. அந்த ஆய்வு 2022-இல் வெளியானது. ஒஹாயோவில் ஒன்பது நாளில் இறங்கியது, இங்கே ஆறு வாரத்துக்குப் பிறகும் கூடுதல் என்றால் இரண்டும் மோதுகிறதே என்று தோன்றும். ரத்தம் அந்த ஒரு நிமிடத்தைச் சொல்கிறது. முடி ஆறு வாரத்தையும் கூட்டிச் சொல்கிறது, அதில் முதல் வாரத்தின் உச்சமும் அடங்கும். இன்னொன்றும் உண்டு. ஓயாமல் தூண்டப்பட்டால் இந்த அமைப்பே மந்தமாகிவிடலாம். ஆகவே கார்ட்டிசோல் இறங்கிவிட்டது என்பதை மட்டும் வைத்து நாய் பழகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

சரி, கூண்டில் அப்படி என்னதான் நாயைப் படுத்துகிறது? முதலில் சத்தம். கழுவ வசதியாகச் சிமெண்டுத் தரை, டைல் ஒட்டிய சுவர், மேலே தகரக் கூரை. இவற்றில் எதுவும் ஒலியை உறிஞ்சாது. ஒரு நாய் குரைத்தால் வரிசையே குரைக்கும். வெளிநாட்டுக் காப்பகங்களில் அளந்தபோது 100 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணமாக இருந்தது. மலேசியாவின் தொழிலிடச் சத்த விதிகள் ஒரு தொழிலாளிக்கு நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபல். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதால், இந்த இடைவெளி சின்னது இல்லை. 2012-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதம் கூண்டில் இருந்த 14 நாய்களுக்கும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. நம் ஊரில் இதோடு மத்தியான மழையும் சேர்ந்துகொள்ளும். கோலாலம்பூரில் மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும்போது தகரக் கூரைக்குக் கீழே நிற்பவர்கள் ஒருவரோடு ஒருவர் கத்தித்தான் பேச வேண்டும்.

சத்தத்தைவிட ஆழமாகக் குத்துவது, எதுவும் தன் கையில் இல்லை என்ற நிலை. எப்போது சாப்பாடு வரும், யார் கதவைத் திறப்பார்கள், திறந்தால் குளிப்பாட்டுவார்களா ஊசி போடுவார்களா, ஒன்றும் முன்கூட்டித் தெரியாது. வீட்டிலிருந்து வந்த நாய்க்கு அதன் மனிதர்களும் இல்லை. தரையில் பட்ட தன் சொந்த வாசனையைக்கூடக் கிருமிநாசினி தினமும் காலையில் கழுவி எடுத்துப் போய்விடுகிறது.

இந்த நெருக்கடி எல்லா நாயிடமும் குரைப்பாக வெளியே வராது. நான் பார்த்த ஒரு பழுப்பு நிற நாட்டு நாய் வந்து இரண்டாம் நாள், கூண்டின் பின்பக்கம், தண்ணீர் ஓடும் காடியை ஒட்டி, மூக்கைச் சுவர் மூலையில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தது. கண் மூடியிருந்தது. தாழ்ப்பாள் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் காது மட்டும் திரும்பியது. தட்டில் சோறும் கோழியும் அப்படியே இருக்க, எறும்பு மொய்க்கத் தொடங்கியிருந்தது. பார்க்க வந்த ஓர் அம்மா, "பாவம், எவ்வளவு அமைதியா தூங்குது பாருங்க" என்றார். பக்கத்தில் நின்ற தொண்டூழியப் பெண், "தூங்கல ஆன்ட்டி, பயந்து கெடக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி. உடம்பைத் தாழ்த்துவது, வாலை ஒடுக்குவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, ஒரு முன்னங்காலை லேசாகத் தூக்கி வைப்பது, தூக்கமில்லாத கொட்டாவி: இவை எல்லாம் சத்தம் போடாத அடையாளங்கள்.

மூச்சிரைப்பை மட்டும் இங்கே கவனமாகப் படிக்க வேண்டும். நம் வெயிலில் எல்லா நாயும்தான் மூச்சு வாங்கும். மழை பெய்து குளிர்ந்த சாயங்காலத்தில், பக்கத்துக் கூண்டு நாய் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்க, இது மட்டும் வாயோரம் பின்னுக்கு இழுபட வேகமாக மூச்சு வாங்கினால், காரணம் வெயில் இல்லை.

இரவையும் பார்க்க வேண்டும், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. காப்பகத்துக்கு வந்த நாய்கள் முதல் இரவுகளில் வீட்டு நாய்களைவிடக் குறைவாகவே ஓய்வெடுக்கின்றன. பன்னிரண்டாம் இரவு வாக்கில் நிலைமை ஓரளவு தேறுகிறது. உட்ரெக்ட் குழு கழுத்துப்பட்டையில் அசைவுமானி கட்டி இதைக் கண்டது. மனிதனுக்கு ஓட்டலில் முதல் இரவு தூக்கம் பிடிக்காதது போலத்தான், அறை மட்டும் பல நாள் பழகாமலே இருக்கிறது.

உதவுவது என்ன என்று தேடிய ஆய்வுகளில் 1996-இல் வந்த ஒன்றை மறக்கவே முடியாது. குட்டிப் பருவத்திலிருந்து ஒரே கூண்டில் ஜோடியாக வளர்ந்த, வயதான நாய்களை ஓர் அறிமுகமில்லாத இடத்தில் விட்டார்கள். கூட வளர்ந்த நாய் பக்கத்திலேயே இருந்தும் கார்ட்டிசோல் ஏறியது. தினமும் பார்த்துக்கொள்ளும் மனிதர் கூட இருந்தபோது ஏறவில்லை. நாய்க்கு நாய் துணை என்று நாம் சும்மா நம்பிக்கொண்டிருக்கிறோம். புது இடத்தில் அது தேடுவது தெரிந்த மனிதரை. 2015-ஆம் ஆண்டின் மலேசிய விலங்கு நலச் சட்டமும், மற்ற விலங்குகளோடு சேர்த்து வைப்பதா தனியே வைப்பதா என்பதை ஒரு விலங்கின் தேவைகளில் ஒன்றாகவே சொல்கிறது. இடம் இல்லை என்பதற்காக இரண்டைச் சேர்த்து அடைத்துவிட்டுத் துணைக்கு விட்டிருக்கிறோம் என்று சொல்வது போதாது.

தொடுகையும் வேலை செய்கிறது, ஆனால் தொடும் விதம் முக்கியம். ஹென்னஸி குழு 1998-இல் நாய்களிடம் ரத்தம் எடுத்துவிட்டு, சிலவற்றை இருபது நிமிடம் தடவிக் கொடுத்துவிட்டு மறுபடி ரத்தம் எடுத்தது. தடவாத நாய்களுக்கு ஊசியால் கார்ட்டிசோல் ஏறியிருந்தது. தடவியவற்றில் அந்த ஏற்றமே இல்லை. அதே குழுவின் முந்தைய ஆய்வில் பெண்கள் தடவியபோதுதான் பலன் தெரிந்திருந்தது. இந்த முறை ஆண்களுக்கும் அதே மாதிரி நீளமாக, அழுத்தமாக, தணிந்த குரலில் பேசிக்கொண்டே தடவச் சொல்லிக்கொடுத்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. தலையில் படபடவென்று தட்டிக்கொடுக்கும் அண்ணன்மார்கள் இதைக் கவனிக்கலாம். வந்த இரண்டாம் நாளிலேயே 45 நிமிடம் ஒருவர் கூட்டிப்போய் நடந்து, விளையாடி, தடவிக் கொடுத்த நாய்களுக்கு மூன்றாம் நாளில் கார்ட்டிசோல் குறைவாக இருந்ததாக 2006-இல் இன்னோர் ஆய்வும் சொன்னது. சனிக்கிழமை மட்டும் வருகிற தொண்டூழியர்கள் புதிதாக வந்த நாய்க்கு முதல் நேரத்தைக் கொடுத்தால் அது வீண்போகாது.

இசையைப் பற்றிச் சுருக்கமாக: மேற்கத்திய செவ்வியல் இசைக்கு நாய்கள் அதிகம் ஓய்வெடுத்தன, ஹெவி மெட்டலுக்கு அதிகம் குரைத்தன, மனிதர் பேச்சு ஒலிப்பதிவுக்கு எந்த மாற்றமும் இல்லை. ஒரே இசையைத் தொடர்ந்து போட்டால் சில நாள்களில் பலன் போய்விடுகிறது. ஆக, நாள் முழுக்க மின்னல் எஃப்.எம். ஓடவிடுவது வேலை செய்கிறவர்களுக்கு நல்லது. நாய்க்கு அது இன்னொரு சத்தமாகவும் ஆகலாம். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, முன்கம்பியில் பாதிக்கு ஒரு துணித் திரை, ஒரே ஆள் ஒரே நேரத்துக்குச் சாப்பாடு வைப்பது: செலவே இல்லாத இவற்றுக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

தீபாவளிக்குக் கம்பத்துக்குப் போகும்போது வீட்டு நாயைப் போர்டிங்கில் விடுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஓரிரு மாதம் முன்பே அதே இடத்தில் ஒரு பகல், பிறகு ஓர் இரவு என்று விட்டுப் பழக்கினால், பெருநாள் நேரத்தில் பட்டாசுச் சத்தத்தோடு புது இடத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்காது.

காப்பக நாயை வார இறுதிக்கு மட்டும் வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டால், "ஆசை காட்டி மறுபடி கூண்டில் விடுவது பாவம்" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது, அதையும் சோதித்திருக்கிறார்கள். 2019-இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களிலிருந்து 207 நாய்களை ஓரிரு இரவு வீடுகளில் தங்கவைத்தார்கள். வீட்டில் இருந்தபோது சிறுநீரில் கார்ட்டிசோல் இறங்கியது. திரும்பிக் கூண்டுக்கு வந்ததும் பழைய அளவுக்கு ஏறியது; அதைத் தாண்டவில்லை. வீட்டில் இடையூறில்லாமல் நீண்ட நேரம் ஓய்வெடுத்த நாய்கள், திரும்பி வந்த பிறகும் முன்பைவிட நீளமாக ஓய்வெடுத்தன. இரண்டு இரவு ஒதுக்க முடிந்தவர்கள் காப்பகத்தில் இதைக் கேட்டுப் பார்க்கலாம். கூட்டி வந்த முதல் நாள் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். தண்ணீரும் ஒரு மூலையும் கொடுத்துவிட்டு, தூங்கினால் எழுப்பாமல் விட்டுவிடுங்கள்.