ஒரே கிளிக்கில் வரும் முப்பாட்டனார்

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் கவுண்டி (மாவட்ட) ஆவணக் காப்பகத்துக்கு வருகிறவர்களில் பலர் வம்சாவளியைக் கையோடு அச்சடித்துக்கொண்டே வருகிறார்கள். இணையத்தில் யாரோ போட்டு வைத்ததை அடுத்தவர் எடுத்து, அவரிடமிருந்து இவர் எடுத்தது. நான் கேட்பது ஒன்றுதான்: இவர்தான் உங்கள் முப்பாட்டனார் என்று எந்தப் பதிவேட்டில் பார்த்தீர்கள்?

பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர்ப்பகுதி. பங்குக் கோயில்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டார். பிறப்பையும் இறப்பையும் அரசாங்கமே பதியத் தொடங்கியது 1837 ஜூலையில். அதற்கு முந்தைய தேதிகளைப் பிறந்த தேதி என்று எழுதிவிடாதீர்கள். சில பிள்ளைகள் நடக்கப் பழகிய பிறகுதான் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

1752க்கு முன்பு அங்கே வருஷம் பிறந்ததே மார்ச் 25இல்தான். ஒரு தம்பதிக்கு 1720 ஏப்ரலில் கல்யாணம், 1720 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருக்கும். பதற வேண்டாம். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721. கல்யாணமாகிப் பத்து மாதம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய பள்ளம் அடக்கப் பதிவேட்டைப் புரட்டாமல் விடுவது. ஜான் என்று பெயர் வைத்த குழந்தை தவறிவிட்டால், அடுத்த மகனுக்கும் ஜான் என்றே வைப்பது அந்நாளில் சகஜம். தேடினால் முதல் ஜான்தான் கண்ணில் படுவான். தொட்டிலிலேயே போன பிள்ளைக்குக் கல்யாணம் செய்து, பேரன் பேத்தி வரை கொண்டுபோன வம்சாவளிகள் ஏராளம். போதாததற்கு, 1813இல் அச்சடித்த படிவம் வருவதற்கு முன் அடக்கக் குறிப்பில் வயது பெரும்பாலும் இருக்காது. "வில்லியமின் மகன்" என்ற ஒரு சொல் இருந்தால் அது உங்கள் பாக்கியம்.

நிலபுலன் இல்லாத குடும்பம் என்றால் சோர்ந்துபோக வேண்டாம். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிழைக்க வந்த ஏழையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ள விரும்பாத பங்கு அவரைச் சொந்தப் பங்குக்கே திருப்பி அனுப்ப முடிந்தது. அதற்காக நீதிபதிகள் எடுத்த வாக்குமூலத்தில் எங்கே பிறந்தார், யாரிடம் தொழில் பழகினார், எந்தப் பண்ணையில் ஒரு வருஷம் வேலை பார்த்தார், சில சமயம் கூலி எவ்வளவு என்பது வரை இருக்கும். வசதியான விவசாயியைப் பற்றிக்கூட இவ்வளவு கிடைக்காது! ஆனால் இவற்றில் பல இன்னும் இணையத்துக்கு வரவில்லை. நேரில்தான் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

சரி, பதிவேட்டுப் பக்கமே செல்லரித்துப் போயிருந்தால்? 1598 முதல் ஒவ்வொரு பங்கும் வருஷா வருஷம் பிஷப்புக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது அந்நாளைய விதி. அதைக் கேளுங்கள். மூலமும் பிரதியும் கிடைத்து, இரண்டிலும் பெயர் வேறு வேறாக இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் குறித்து வையுங்கள்.