பை யாருடையது என்று கோர்ட் முதலில் கேட்காது

ஓசூர் ரோட்டில் மறுபடியும் ஒரு கஞ்சா ரிமாண்ட். குடும்பத்தார் கேட்கிற முதல் கேள்வியும் மாறவில்லை: "பையன் போன்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே சார், எப்படி கேஸ் போட முடியும்?" போலீசும் போதைக் கும்பலும் மோதுகிற தொடர்களை விடிய விடியப் பார்த்துவிட்டு, சட்டத்தையும் அதிலிருந்தே கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

அந்த வகைத் தொடர்களுக்கெல்லாம் அண்ணன் "தி வயர்". அமெரிக்காவின் எச்.பி.ஓ. டிவியில் 2002 முதல் 2008 வரை 5 சீசன், 60 எபிசோட். பால்டிமோரில் பத்திரிகைக்காரராக இருந்த டேவிட் சைமனும், அதே ஊரில் கொலை வழக்குகளைத் துப்பறிந்து பிறகு பள்ளி வாத்தியாரான எட் பர்ன்ஸும் சேர்ந்து செய்தது. தொடரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைவன் சரக்கைத் தொடமாட்டான். காசு வாங்குகிறவன் ஒருத்தன், பொட்டலம் கொடுக்கிறவன் இன்னொருத்தன். அதனால்தான் போலீஸ் வேறு வழியில்லாமல் பேஜர், தெருவோர போன் பூத், பிறகு தூக்கியெறிகிற செல்போன் என்று ஒட்டுக்கேட்கிறது. அதற்கும் அமெரிக்காவில் நீதிபதியிடம் போய், மற்ற வழிகள் பலிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்து உத்தரவு வாங்க வேண்டும். இங்கே அனுமதி தருவது கோர்ட் அல்ல, உள்துறைச் செயலாளர். அது கிடக்கட்டும். ஜூஜூவாடியில் பஸ்ஸை நிறுத்தி, சீட்டுக்கடியில் இருந்த பையைத் திறந்து எடுத்த கேஸுக்கு ஒட்டுக்கேட்பு எதற்கு?

நம் ஊரில் போனிலிருந்து எடுப்பது பெரும்பாலும் பேச்சை அல்ல. டவர் லொகேஷன், யாருக்கு எத்தனை கால், ஜிபே கணக்கு. "நான் ஒன்னுமே பேசலை" என்பது இதற்கெல்லாம் பதிலாகாது.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம், கோர்ட் வராந்தா பாஷையில் என்.டி.பி.எஸ்., மற்றச் சட்டங்கள் மாதிரி இல்லை. திருட்டு வழக்கில் உள்நோக்கத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இங்கே சரக்கு உங்கள் வசம் இருந்தது என்ற அடிப்படையை மட்டும் அவர்கள் நிலைநாட்டினால் போதும். அதற்குப் பிறகு 35, 54 ஆகிய பிரிவுகள் வேலை செய்யும்: உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. "தெரியாது" என்று வாயால் சொன்னால் ஆகாது. பை உங்கள் மடியில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் வண்டி டிக்கியில், நீங்கள் வாடகை கொடுக்கிற ரூமின் பரணில், உங்கள் பெயரில் புக் செய்த பார்சலில் இருந்தாலும் வசம்தான். வண்டியையோ வீட்டையோ தெரிந்தே பயன்படுத்த விட்டால் 25ஆம் பிரிவு. கூட்டுச்சதி என்றால் 29. "நான் வண்டி மட்டும்தான் ஓட்டினேன்" என்பதைத் தற்காப்பு என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அது ஒப்புதலுக்குப் பக்கத்தில் நிற்கிற வாக்கியம், தம்பி.

அப்புறம் எடை. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை. நடுவில் இருந்தால் 10 ஆண்டு வரை. தராசு முள் எவ்வளவு முக்கியம் என்று கேட்டால், பெரும்பாலும் வழக்கே அதில்தான் இருக்கிறது. பழுப்பு டேப் சுற்றிய 2 கிலோ பண்டல் பத்து என்று மகஜரில், அதாவது பறிமுதல் செய்த இடத்தில் எழுதும் பட்டியலில், இருந்தால் அது 20 கிலோ; "20க்கு மேல்" என்றால்தான் வணிக அளவு. பண்டல்களை டேப், பாலிதீன், சாக்கோடு நிறுத்தி 21 என்று எழுதியிருந்தால், உறையைக் கழித்த எடை எங்கே என்று கேட்க வேண்டும். மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட் முன்னிலையில். 2022 விதிகளின்படி கஞ்சாவுக்கு 24 கிராம், இரண்டு செட். சட்டம் கஞ்சா என்று சொல்வது பூ, காய் நுனியைத்தான். அது சேராத வெறும் இலையும் விதையும் கணக்கில் வராது. மகஜரில் "இலை, தண்டு, விதையுடன்" என்று இருந்தால் அந்த வரியை வக்கீலிடம் காட்டுங்கள்.

பவுடர், மாத்திரை கதையே வேறு. மெத்தாம்பெட்டமைன் 50 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு. அதில் பாதி கலப்படமாயிற்றே என்று வாதாட முடியாது. கலவையின் மொத்த எடையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. உப்பைக் கலந்து ஏமாற்றியவன் காசைப் பார்த்தான், கூடுதல் வருஷங்களை அனுபவிப்பது வாங்கியவன்.

எரிச்சலின் உச்சம் அடுத்தது: "போலீசுக்குப் பெரிய தலைதானே வேணும், பேரைச் சொன்னா சின்னப் பையனை விட்ருவாங்க." தொடரையாவது ஒழுங்காகப் பார்த்திருக்கலாம். முதல் சீசன் முடிவில் (பார்க்காதவர்கள் மன்னிக்கவும்) தலைவன் ஏவானுக்கு 7 ஆண்டு. அவனுக்காக சரக்கை வண்டியில் எடுத்து வந்து சிக்கிய அக்கா மகன் டியாஞ்சலோவுக்கு 20 ஆண்டு. அதுவும் பேரம் பேசி ஒப்புக்கொண்ட பிறகு. நம் சட்டத்தில் அந்தப் பேரத்துக்கும் இடமில்லை: 7 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்கு அது பொருந்தாது. குறைந்தபட்சம் 10 என்று சட்டம் எழுதிவிட்டால், வயதைப் பார்த்து நீதிபதி 3 ஆக்க முடியாது. இங்கேயும் ஏ1, அதாவது வழக்கில் முதலில் குற்றம் சாட்டப்பட்டவன், சரக்கைத் தூக்கி வந்த குருவிதான். கொடுத்தனுப்பியவன் பெயர் குற்றப்பத்திரிகையில் "தலைமறைவு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஜாமீன் பற்றி இரண்டே வார்த்தை. வணிக அளவென்றால் 37ஆம் பிரிவு: குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே போய் மறுபடி செய்யமாட்டார் என்றும் கோர்ட் திருப்தியடைய வேண்டும். குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் அவகாசம், அதை ஓராண்டு வரை நீட்டிக்கலாம். சேலம் மத்திய சிறைக்கு வாராவாரம் மனு போட்டுப் பார்க்கப்போகும் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். இடையில் குண்டாஸ் போட்டால் அது தனியாக ஓராண்டு வரை.

"மாஜிஸ்திரேட்டைக் கூப்பிடாம பையைச் சோதிச்சாங்க, கேஸ் நிக்காது" என்று ஊரில் ஒரு சட்டமேதை இருப்பார். 50ஆம் பிரிவு உடம்பைச் சோதிப்பதற்கு. பைக்கோ வண்டிக்கோ அது கிடையாது. உச்ச நீதிமன்றம் 2005லும் சொன்னது, 2023லும் சொன்னது.

இனி செய்ய வேண்டியது. கால் டாக்ஸி, லாரி ஓட்டுகிறவர்கள் ஆள் வராத பார்சலை ஏற்றாதீர்கள். ஏற்றியே ஆக வேண்டுமென்றால் திறந்து பாருங்கள், அனுப்புகிறவரின் அடையாள அட்டையைப் போட்டோ எடுங்கள். "மொரப்பூர் ஸ்டேஷன்ல இந்தப் பையை வாங்கிட்டு வா, இரண்டாயிரம் தர்றேன்" என்று யார் சொன்னாலும், அது சொந்த மச்சானாகவே இருந்தாலும், போகாதீர்கள். ஒரு பை தூக்க எவனும் இரண்டாயிரம் தரமாட்டான். ஓசூரில் ரூமைப் பகிர்ந்து தங்குகிறவர்கள் வாடகை ஒப்பந்தத்தில் எல்லார் பெயரையும் சேருங்கள். பைக்கை இரவல் கொடுக்காதீர்கள்; பறிமுதலானால் உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நீங்கள்தான் நிரூபித்து மீட்க வேண்டும். வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுகிறவர்களைப் பற்றிப் பேசவே அலுப்பாக இருக்கிறது.

பிடித்துவிட்டார்களா? முதல் 24 மணி நேரம் அழுவதற்கும் சிபாரிசு தேடுவதற்கும் போய்விடக்கூடாது. கைதுக்கான காரணம் எழுத்தில் தரப்பட்டதா, மகஜரில் இருக்கிற நேரம் என்ன, சோதனையை வீடியோ எடுத்தார்களா என்று கேளுங்கள். பஸ் டிக்கெட், ஃபாஸ்டாக் மெசேஜ், ஓட்டல் பில் எதையும் தொலைக்காதீர்கள். டோல்கேட் சிசிடிவி கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். பாதுகாக்கச் சொல்லி உடனே மனு போட வேண்டும். மகஜரில் தொப்பூர் என்று எழுதிய நேரத்தில் வண்டி கிருஷ்ணகிரி டோலில் நின்றிருந்தால், அது நூறு சாட்சிக்குச் சமம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100, சட்ட உதவி மையம்.

பையன் விற்கவில்லை, பழக்கத்தில்தான் விழுந்திருக்கிறான் என்றால், தயவுசெய்து கேஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் கேளுங்கள். பயன்பாடு அல்லது சிறிய அளவு வழக்கில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தவருக்கு 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. பாதியில் விட்டால் அது பறிபோகலாம். ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஜெராக்ஸ் இரண்டு செட்.