படகு எண் தெரியாமல் பெயர் போடாதீர்கள்

எல்லை தாண்டியதாக நம் ராமநாதபுரம் கரை மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்ற தகவல் பெரும்பாலும் விடிவதற்குள் வந்துவிடும். அதற்கடுத்த அரை மணி நேரத்தில் பெயர்ப்பட்டியல் எல்லாக் கைப்பேசிகளிலும் ஏறிவிடும். அண்மையிலும் அப்படித்தான் நடந்தது. பட்டியலில் இருந்த ஒருவர் அன்று கடலுக்கே போகவில்லை. பாம்பனில் மாமனார் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தாய் மீன்வளத்துறை அலுவலக வாசலில் அழுதுகொண்டு நின்றார். அதே பெயருள்ள இன்னொருவர்தான் பிடிபட்டவர். அவர் வீட்டுக்கு நண்பகல்வரை யாரும் தகவல் சொல்லவில்லை, 'அது அந்தப் பையன்' என்று ஊரே முடிவுகட்டிவிட்டதால்.

பட்டியலை முதலில் வெளியிட்ட தம்பி கைப்பேசியில் ஊர்ச்செய்தி நடத்துபவர், நல்ல பிள்ளை, உழைப்பாளி. கேட்டேன். "அண்ணே, நாம் போடாவிட்டால் அடுத்தவன் போட்டுவிடுவான்" என்றார்.

இந்தப் பதிலை மண்டபத்தில் கேட்டிருக்கிறேன், கீழக்கரையில் கேட்டிருக்கிறேன், தொண்டியில் கேட்டிருக்கிறேன். சலித்துவிட்டது. ஆகவே ஊர்ச்செய்தி நடத்தும் எல்லோருக்கும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கடைகளில் நாளிதழ்கள் அடுத்தடுத்துத் தொங்கும்போது முந்திய செய்திக்கு விற்பனை உண்டு. உங்கள் ஊரில் யாருடன் போட்டி? படகு திரும்பவில்லை என்பது உங்களுக்கு முன்பே இறங்குதளத்துக்குத் தெரியும். ஏலம் விடுகிறவருக்குத் தெரியும், ஐஸ் உடைக்கிறவருக்குத் தெரியும், கரையில் கூடையோடு காத்திருக்கும் பெண்களுக்குத் தெரியும். வாய்ச்செய்தியை எந்தக் கைப்பேசியாலும் முந்த முடியாது. காதில் விழுந்தது உண்மையா என்று பார்க்கத்தான் ஆட்கள் உங்களிடம் வருகிறார்கள். அங்கேயும் அதே வதந்தி கிடந்தால் நீங்கள் எதற்கு? யார் முதலில் போட்டார் என்பதை மறுநாளே மறந்துவிடும் ஊர், யார் தப்பாகப் போட்டார் என்பதைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லும். பிறகு நீங்கள் சரியாகவே எழுதினாலும், "அவன் போட்டதுதானே" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

தங்கச்சிமடத்தில் அந்தோணி என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்? முதலில் படகின் பதிவு எண்ணைப் பிடியுங்கள். விசைப்படகுகள் மீன்வளத்துறையின் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் கடலுக்குப் போகின்றன. எது போனது என்று அங்கே பதிவு இருக்கும். எண் கிடைத்தால் உரிமையாளர், உரிமையாளர் கிடைத்தால் ஆட்கள். (அவர் சொல்வதையும் ஒருமுறை சரிபாருங்கள். கடைசி நேரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று மச்சானை ஏற்றி அனுப்பியிருப்பார்கள்.) தகப்பனார் பெயர், வயது, தெரு மூன்றும் பொருந்த வேண்டும். வீட்டுக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்ட பிறகே வெளியிடுங்கள். அதுவரை "இத்தனை படகுகள் கரை திரும்பவில்லை, விவரம் விசாரித்து வருகிறோம்" என்று போட்டால் போதும். அதுவும் செய்திதான்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. இலங்கையில் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோனார்களா, தலைமன்னாருக்கா? ஊர்காவற்துறை நீதிமன்றமா, மன்னார் நீதிமன்றமா? காவல் எந்தத் தேதிவரை, அடுத்து எப்போது ஆஜர்படுத்துவார்கள், படகின் கதி என்ன? வீட்டார் நாள்தோறும் அலைவது இந்தக் கேள்விகளோடுதான். இவற்றைத் தொடர்ந்து எழுதுகிற ஊர்ச்செய்திக்காரரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கைதான அன்று பத்துப் பேர் எழுதுகிறார்கள், விடுதலையாகும் அன்று ஒருவரும் இல்லை.

புயல் காலத்திலும் இதே அவசரம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் முந்தைய ஆண்டு தனுஷ்கோடியில் எடுத்த அலைக் காட்சியைத் தூசி தட்டிப் போடுகிறார்கள். 1-ஆம் எண் என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி பாதிப்பு இல்லை என்று பொருள். 3 என்றால் துறைமுகப் பகுதியிலேயே பலத்த காற்று வீசக்கூடும். 5, 6, 7 மூன்றும் ஒரே நிலை அபாய எச்சரிக்கைதான். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகப் போகும் என்பதைப் பொறுத்துத்தான் எண் மாறுகிறது. "5 போய் 6 வந்துவிட்டது, புயல் வலுத்துவிட்டது" என்று பயமுறுத்தாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த ராமேஸ்வரம் தீவு இது. இங்கே பீதியைக் கிளப்ப அதிகம் பாடுபட வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம் என எதையும் வெளியிடக் கூடாது என்று 2012 போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் சிறைத்தண்டனைக்கே இடம் உண்டு. "பெயரை மாற்றிவிட்டோமே" என்கிறார்கள். சென்னையில் அது மறைப்பாக இருக்கலாம். நம் ஊரில் தெருவின் பெயரையும் தகப்பனாரின் தொழிலையும் சொன்னால் அடுத்த நிமிடம் வீட்டு வாசலில் ஆள் நிற்கும்.

"எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன்" என்பது சட்டத்தில் சாக்காகாது. அடுத்தவர் சொன்ன அவதூறைத் திரும்ப வெளியிட்டால் அதை வெளியிட்டவர் நீங்கள்தான். தலைப்பின் கடைசியில் கேள்விக்குறி போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தப்பிக்க முடியாது.

'பிறகு எதைத்தான் எழுதுவது?' என்று கேட்பீர்கள். ஆண்டுக் கணக்கில் ஓடுவது சப்பென்று இருக்கிற செய்திதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணத் தொகை யாருக்கு வந்தது, யாருக்கு நின்றது? இன்றைக்கு இறாலும் கணவாயும் கரையில் என்ன விலைக்குப் போயின? எந்தத் தெருவில் எத்தனை நாளாகக் குடிநீர் இல்லை? ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூட வேண்டும். போய் உட்காருங்கள், தீர்மானத்தை எழுதி வாருங்கள். சாலை எஸ்டிமேட் தெரிய வேண்டுமா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மௌத்துச் செய்தியை, அதாவது இறப்புச் செய்தியை, மட்டமாக நினைக்காதீர்கள். கீழக்கரை, பெரியபட்டினத்துப் பிள்ளைகள் துபாயில் இருந்துகொண்டு முதலில் தேடுவது அதைத்தான்.

பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஜவுளிக்கடை, மருந்துக்கடை விளம்பரம் வாங்குங்கள். மேலே 'விளம்பரம்' என்று தெளிவாகப் போடுங்கள். சாலை போடும் ஒப்பந்ததாரரிடம் மட்டும் வாங்காதீர்கள். சாலை பெயரும்போது நீங்கள் ஊமையாகிவிடுவீர்கள்.

இந்தக் கரையில் ஊர்ச்செய்திகள் நின்றுபோக நான் கண்ட முதல் காரணம் வழக்கும் அல்ல, காசும் அல்ல. எல்லாம் ஒரே ஆள் கையில் இருக்கும். அவருக்கு விசா வந்துவிடும், அவ்வளவுதான். ஆகவே இன்றைக்கே இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மீன் விற்கிற பெண்கள் உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள். விமானம் ஏறுவதற்கு முன் கடவுச்சொல்லையும் தொடர்பு எண்களையும் அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், தம்பி.