ஃபில்லர்: அர்த்தம் என்ன, தமிழ்ல என்னன்னு சொல்றது?

நருட்டோங்கற அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர், பாக்க ஆரம்பிக்கப் போறேன்னு யார்கிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற அட்வைஸ் "ஃபில்லரை மட்டும் ஸ்கிப் பண்ணிரு மச்சி"தான். ஆனா அந்த ஃபில்லர்ங்கற சொல்லை இப்ப ஆளாளுக்கு இஷ்டத்துக்கு அடிச்சு விடறாங்க, எபிசோட் கொஞ்சம் மெதுவா போனா ஃபில்லர், சண்டை இல்லன்னா ஃபில்லர், ஹீரோ வராட்டி ஃபில்லர். அப்படியெல்லாம் கிடையாதுங்க. மூலக்கதையான மங்காவுல, அதாவது ஜப்பான் காமிக்ஸ்ல, இல்லாம, அனிமே எடுக்கறவங்களா எழுதி நடுவுல சேர்த்த கதைதான் ஃபில்லர். நல்லாருக்கா மொக்கையாங்கறது வேற பஞ்சாயத்து.

சொல்லு இங்கிலீஷ், நிரப்பறதுங்கற அர்த்தத்துல வர்ற ஃபில்லேர்ந்து வந்தது. அனிமேக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே பத்திரிகை ஆபீஸ்ல புழங்கின சொல்லு இது, நம்ம வார இதழ்ல கதை முடிஞ்சு பக்கத்துல கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தா ஒரு துணுக்கைத் தூக்கிப் போடுவாங்கள்ல, அந்தத் துணுக்குதான் ஃபில்லர். ஜப்பான்காரங்க இப்படி சொல்றதில்ல. அனிமே ஒரிஜினல்ங்கறதைச் சுருக்கி அனிஒரின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, அதுல திட்டு எதுவும் கிடையாது.

ஏன் நிரப்ப வேண்டி வந்துச்சுன்னா, கணக்கு சிம்பிள். வீக்லி ஷோனென் ஜம்ப்ங்கற ஜப்பான் மங்கா வார இதழ்ல ஒரு தொடர் வாரத்துக்கு ஒரு அத்தியாயம், சுமார் 19 பக்கம் வரும், அதை எடுத்து 20 நிமிஷத்துக்கு மேல ஓடற எபிசோடா பண்ணா ஒன்னு ரெண்டு அத்தியாயத்தை ஒரே மூச்சுல முழுங்கிடும், டிவிலயும் வாரம் தவறாம ஓட்டியாகணும், அப்ப எப்படியும் ஒரு நாள் மங்கா வாலைப் பிடிச்சுருவாங்க. நருட்டோ மங்கா 1999ல ஆரம்பிச்சது, அனிமே 2002ல வந்தது, மொத்தம் 220 எபிசோட்ல 135க்கு அப்புறம் கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே ஃபில்லர். ப்ளீச்ங்கற அனிமேல சோல் சொசைட்டிங்கற கதைப்பகுதி முடிஞ்சு செம சூடா இருக்கும்போது 64வது எபிசோட்லேர்ந்து பௌண்ட்டுன்னு ஒரு கூட்டத்தைக் கொண்டு வந்து 100 தாண்டியும் விடல.

இந்தக் கதைகள் ஏன் சப்புன்னு இருக்குன்னா எழுதறவன் திறமை இல்லாதவன்னு அர்த்தம் இல்ல, அவன் கை கட்டிப் போட்டிருக்கு. திரும்ப மங்காவுக்கு வந்து சேரணும், அதனால முக்கியமான ஆள் யாரும் சாகக் கூடாது, ஹீரோவுக்குப் புது சக்தி வந்தாலும் போறப்ப கழட்டி வெச்சுட்டுப் போகணும், நடந்தது எதுவும் அப்புறம் யாருக்கும் ஞாபகமே இருக்காது. இதுக்குள்ளயே விளையாடத் தெரிஞ்சவங்களும் உண்டு. ஒன் பீஸ்ல ஸ்கைபியாங்கற வானத் தீவுக் கதை முடிஞ்சு வானத்துலேர்ந்து இறங்கற கப்பல் நேரா கடற்படைக் கோட்டைக்குள்ள போய் விழற ஜி-8 கதை சுத்தமான ஃபில்லர், ஆனா மங்கா வெறியனே அதை ஸ்கிப் பண்ணாதன்னு சொல்லுவான். ட்ராகன் பால் ஸீல கோக்குவும் பிக்கோலோவும் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போற எபிசோடும் அப்படித்தான், உலகம் அழியப் போற நேரத்துல இது தேவையான்னா தேவைதான்.

அதே ட்ராகன் பால்ல நாமெக் கிரகம் 5 நிமிஷத்துல வெடிக்கும்னு வில்லன் ஃப்ரீஸா சொன்னப்புறம் எபிசோட் எபிசோடா சண்டை ஓடுதே, அது ஃபில்லர் இல்ல. மூலக்கதையைத்தான் ஜவ்வா இழுக்கறாங்க. இதுக்குத் தமிழ்ல இழுவைன்னு நம்மாளுங்க சீரியல் பாத்துப் பாத்து ஏற்கெனவே பேரு வெச்சாச்சு, புதுசா ஒன்னும் தேட வேண்டாம்.

சரி ஃபில்லருக்கு? நிரப்பின்னு போட்டா பல்லு டாக்டர் ஞாபகம்தான் வருது. இசைநிறைன்னு தொல்காப்பியத்துலயே இருக்கு, பாட்டுல ஓசையை நிரப்ப மட்டும் வந்து நிக்கற சொல்லு, அழகா இருக்கு, ஆனா அது இலக்கணத்துல சின்ன சொல்லுக்கு வெச்ச பேரு, 40 எபிசோட் கதையை அது தாங்காது. நன்னூல் பத்துக் குற்றத்துல மற்றொன்று விரித்தல்னு ஒன்னு சொல்றார் பவணந்தி, பௌண்ட்டுக் கதையைப் பாத்துட்டே எழுதின மாதிரி இருக்கு. ஆனா அது குற்றம்னு முதல்லயே தீர்ப்பு சொல்லிடுது, ஜி-8ஐ அதுல சேக்க மனசு வரல.

என்னைக் கேட்டா இடைச்செருகல்தான். கம்பராமாயணத்துல வெள்ளியம்பலத் தம்பிரான்னு ஒருத்தர் தன் பாட்டையும் நடுநடுவுல சேர்த்துட்டார்னு சொல்லி அந்த மாதிரிப் பாட்டுக்கு வெள்ளிப் பாட்டுன்னே பேரு, பதிப்பாசிரியர்கள் அதையெல்லாம் மிகைப்பாடல்னு தனியா பிரிச்சு வெச்சாங்க. எது கம்பன் பாட்டு எது வெள்ளிப் பாட்டுன்னு பண்டிதர்கள் போட்ட சண்டையைத்தான் இப்ப எது கேனன் (மூலக்கதை) எது ஃபில்லர்னு பசங்க லிஸ்ட் வெச்சுப் போடறாங்க. அதோட மூலக்காரர் எழுதல, நடுவுல இருக்கு, எடுத்தாலும் கதை நிக்கும்ங்கற மூணு விஷயமும் அந்த ஒத்தைச் சொல்லுல இருக்கு.

இதை வெச்சுப் பாத்தா சில வழக்கு ஈஸியா முடியும். கௌபாய் பீபாப்ல தனித்தனி எபிசோடைப் பாத்து ஃபில்லர்னு சொல்றாங்க, 1998ல வந்த அந்தத் தொடர் மங்காலேர்ந்து எடுத்ததே இல்ல, அப்புறம் எதுக்குள்ள செருகறது? 2003ல வந்த ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் பாதிலேர்ந்து தன் வழில போய் தன் முடிவோட முடிஞ்சுது, திரும்பி வரவே இல்ல, அதுவும் செருகல் ஆகாது, தனிப் பாடம், அதாவது அதே கதையோட வேற வடிவம்னு வெச்சுக்கலாம்.

இப்ப டெமன் ஸ்லேயர் மாதிரி சீசன் சீசனா எடுத்து நடுவுல நிறுத்திக்கறதால செருகல் குறைஞ்சு போச்சு. புதுத் தலைவலி என்னன்னா 2022ல ப்ளீச் திரும்ப வந்தப்ப மங்காவுல இல்லாத காட்சிகள் கொஞ்சம் சேர்ந்துச்சு, ஆனா அதுல மங்கா எழுதின குபோவே கை வெச்சிருக்கார். ரசிகருங்க அதை ஃபில்லர்னு சொல்லல, கொண்டாடினாங்க. கம்பனே வந்து நாலு பாட்டு சேத்தா அதை வெள்ளிப் பாட்டுன்னு எவன் சொல்லுவான்?