குதிரைக்கு மயக்க மருந்து: எழுந்திருக்கும்போதுதான் கண்டம்

காணும் பொங்கலன்று திருக்கடையூர் ரேக்ளாவில் குதிரை பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம்: அந்த உடம்பை இரண்டு மணி நேரம் மயக்கிப் படுக்க வைத்தாலே உயிருக்கு ஆபத்து. மனிதர்களில் மயக்க மருந்தால் உயிர் போவது மிக அபூர்வம், குதிரைகளிலோ ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. அதுவே குடல் முறுக்கிக்கொண்ட வயிற்றுவலிக்கு அவசர ஆபரேஷன் என்றால் இன்னும் பல மடங்கு.

காரணம் பெரும்பாலும் எடைதான். நின்றுகொண்டே தூங்கும் பிராணி அது. மல்லாக்கப் போட்டால் அந்தப் பெரிய குடல் மொத்தமும் சரிந்து நுரையீரலை அமுக்குகிறது, ரத்தம் போகும் இடத்துக்குக் காற்று போகாது, காற்று போகும் இடத்துக்கு ரத்தம் போதாது. போதாக்குறைக்கு ஐசோஃப்ளூரேன் மாதிரி மயக்க வாயுக்கள் ரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடும், அப்போது 500 கிலோவுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் தசைக்கு ரத்தம் எட்டாமல் அது கெட்டுப்போகிறது. அதனால்தான் கனமான மெத்தை போட்டு, சராசரி ரத்த அழுத்தம் 70க்குக் கீழே போகாமல் டாக்டர்கள் காவல் காக்கிறார்கள். கோடியக்கரைக் காட்டில் திரிகிற மட்டக்குதிரை மாதிரி சின்ன உடம்புக்கு இந்தத் தசைத் தொல்லை குறைவு.

சரி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனிமேல்தான் கண்டம். நாய் விழித்தால் பேசாமல் படுத்திருக்கும், குதிரை அப்படியில்லை, புலிக்குப் பயந்தே வளர்ந்த வம்சம், பாதி நினைவு வந்ததுமே ஓடப் பார்க்கும். கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர் வரப்பில் நடப்பது போலத் தள்ளாடி, விழுந்து, மறுபடி எழும்பி, காலை முறித்துக்கொள்ளும். 1975இல் ரஃபியன் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரை கால் ஆபரேஷன் முடிந்து விழித்ததும் உதைத்துத் திமிறி எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டது, கடைசியில் கருணைக்கொலைதான் செய்தார்கள். 2006இல் பார்பரோ என்ற இன்னொரு அமெரிக்கப் பந்தயக் குதிரைக்குக் கால் ஆபரேஷன் செய்தபோது உஷாராக, ரப்பர் படகில் கால்களை நுழைத்து நீச்சல் குளத்திலேயே விழிக்க வைத்தார்கள். அந்த வசதி உலகத்திலேயே சில இடங்களில்தான் உண்டு. மற்ற இடங்களில் மெத்தை ஒட்டிய சுவர், மங்கலான வெளிச்சம், தலைக்கும் வாலுக்கும் கயிறு, அப்புறம் அவசரப்பட்டு எழாமலிருக்க லேசாக ஒரு ஊசி.

இதனால்தான் காயடிப்பது, பல் பிடுங்குவது போன்றவற்றைத் தூக்க ஊசியும் மரப்பு ஊசியும் போட்டு நின்றபடியே முடித்துவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. குதிரை வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்: “படுக்க வைக்காமல் முடியுமா சார்?”